வெறும் தூசி

லேத்து அண்ணனின் சட்டைக்கு அண்ணி பொத்தான் மாட்டிவிடுவதை முதன்முதலாகப் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. மாடிப்படியில் இறங்கிக்கொண்டே, "என்ன அண்ணி, முப்பது வருஷம் கழிச்சு புது மாப்பிள்ளை ஜோடனையா?" என்று கேட்டும் விட்டேன். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணி கடைசிப் பொத்தானையும் மாட்டி, காலரை இழுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை அவருடைய முழங்கையில் மாட்டினாள். கையில் கொடுக்கவில்லை, முழங்கையில் மாட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது.

அவர்கள் கீழ்வீடு, நான் மேல்வீடு. பதினோரு வருஷமாக ஒரே குழாய், ஒரே வாசல். அவர்கள் பிள்ளை குட்டி இல்லாத இரண்டு பேர். நான் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அண்ணன் என்னை "மேல்வீடு" என்றுதான் கூப்பிடுவார். "ஏ மேல்வீடு, டீ போட்டாச்சு, இறங்கி வர்றியா, இல்லை நான் ஏணி போடணுமா?" என்று அவர் போடும் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும். தெருக்கோடி லேத் பட்டறையில் வேலை. சுழலும் இரும்புத் தண்டில் வெட்டும் டூலைக் கொடுத்து, தலைமுடியில் பாதி அளவு சீவு என்றால் பாதி அளவுதான் சீவுவார். அப்படிப்பட்ட மனுஷன்.

எனக்கு அன்று வார விடுமுறை. மத்தியானம் அண்ணி மேலே ஏறி வந்துவிட்டாள்.

"காலைல சிரிச்சேல்ல? உட்காரு, சொல்றேன்."

"ஐயோ அண்ணி, தெரியாம வாயை விட்டுட்டேன்."

"நாலு மாசமா இப்படித்தான். மொதல்ல டம்ளரைக் கீழ போட்டாரு. கை வழுக்கிடுச்சுன்னாரு. அப்புறம் சாவியைப் பூட்டுல நுழைக்க வரலை. பூட்டு சரியில்லைன்னாரு. பூட்டையும் மாத்தினோம், கேளு இந்தக் கூத்தை! இப்ப பொத்தானைத் தடவித் தடவிப் பார்க்கிறாரு. துளை எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியலையாம். நேத்து குனிஞ்சு செருப்பை மாட்டினவரு, 'சுரீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் இறங்குதுடி'ன்னு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாரு."

"பட்டறைல தெரியுமா?"

"முதலாளிக்குத் தெரிஞ்சா விடுவாரா? சுத்துற இரும்புகிட்ட கை தடுமாறுறவனை எவன் நிறுத்தி வைப்பான்? பக்கத்து மிஷின்காரங்கதான் மூடி மறைச்சு ஓட்டுறாங்க. நீ ஆஸ்பத்திரி விஷயம் தெரிஞ்சவ. ஏதாவது பண்ணு."

நான் ஆஸ்பத்திரி விஷயம் தெரிந்தவள் ஒன்றும் இல்லை. ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. அங்கே ஒரு பெரிய காந்தம் இருக்கிறது. சாதாரண ஸ்கேன் காந்தத்தைப்போல நாலைந்து மடங்கு பலம். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, மோதிரம், கடிகாரம், ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வதும், ஒரு தாளிலுள்ள கேள்விகளைக் கேட்டு டிக் அடிப்பதும் என் வேலை. ஆனாலும் தெருவில் என்னை அரை டாக்டர் என்று நினைக்கிறார்கள். நானும் அதை மறுத்ததில்லை.

அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அங்கே சாதாரண ஸ்கேன் எடுத்து, கழுத்து டாக்டர் முன்னால் உட்காரவைப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. கழுத்து டாக்டர் பேச்சை இழுக்காத ஆள்.

"கழுத்து எலும்பு வளர்ந்து, எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற வட்டும் பிதுங்கி, தண்டுவடத்தை நெரிக்குது. சுண்டுவிரல் தடிமன் இருக்கவேண்டியது இந்த இடத்துல நாடா மாதிரி தட்டையாயிருச்சு, பாருங்க. தள்ளிப்போடாம ஆபரேஷன் பண்ணிடணும்."

"பண்ணினா கை திரும்ப வருமாங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாம். கை வரலாம், வராமலும் போகலாம். நரம்பு நசுங்கி மட்டும் இருக்கா, செத்தே போச்சான்னு இந்தப் படத்துல தெரியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, "நிறுத்தலாமாம்" என்றார். "இந்தக் கையை இப்படியே நிறுத்தி வச்சு என்ன பண்றது? கை வராதுன்னா கழுத்தை எதுக்கு அறுக்கணும்?"

அண்ணி என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை.

"அண்ணா, எங்க இடத்துல இப்ப இதே கழுத்து நெரிசலைத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. பெரிய காந்தம். அதுல எல்லாம் தெளிவாத் தெரியும்."

"எல்லாம்னா? செத்துப்போச்சா, உசிரோட இருக்கான்னு தெரியுமா?"

"தெரியும்ணா," என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. ஆழம் எனக்குத் தெரியும்.

பெயர் கொடுக்கப் போனபோது ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல்தான் சொன்னார். நல்ல மனுஷி. வெள்ளைத் தாளில் வட்டம் போட்டு, அதற்குள் இறக்கை விரித்த ஒரு பூச்சியை வரைந்தார்.

"தண்டுவடத்தைக் குறுக்க வெட்டிப் பார்த்தா உள்ள இந்த மாதிரி சாம்பல் நிறத்துல ஒரு உருவம் இருக்கும். சின்ன ஸ்கேன்ல எல்லாம் ஒரே கலங்கலாத் தெரியும். எங்க காந்தத்துல இந்த இறக்கைகூடத் தெரியும். எங்க நசுங்கியிருக்கு, எங்க வெளுத்துப் போயிருக்குன்னு பார்ப்போம். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. வெளுத்த இடம் திரும்பத் தேறுமா தேறாதான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. நிறையப் பேருக்கு எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதனால உங்களுக்கு நேரடியா பலன் இருக்காது. பின்னால வர்றவங்களுக்கு உதவும்."

"சரிங்கம்மா, நல்லாப் புரியுது" என்றார் அண்ணன். வெளியே வந்ததும் என் தோளில் முழங்கையால் இடித்து, "இறக்கைகூடத் தெரியுமாமே!" என்றார். அவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான். நான் அங்கேயே நின்று எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததைக் கெடுக்க மனசு வரவில்லை.

தேதி மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்தது. "ஆபரேஷனை முன்னாடி பண்ணிட்டு அப்புறமா படம் எடுத்துக்கிட்டா என்ன?" என்று அண்ணி கேட்டாள். "கழுத்துல தகடும் திருகும் வச்சுட்டாங்கன்னா பெரிய காந்தத்துக்குள்ள விடமாட்டோம் அண்ணி. படம்தான் முதல்ல" என்று நான் பதில் சொன்னேன். சொன்னது உண்மைதான். கழுத்து டாக்டர் இடத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அண்ணன் இரண்டு தடவையும் பிடி கொடுக்கவில்லை.

அந்த மூன்று மாதமும் மழை. விடாத மழை. துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை. ஒருநாள் அண்ணிக்குக் காய்ச்சல் என்று அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு நான் பட்டறைக்குப் போனேன். உள்ளே எண்ணெய்ப் புகையும் சூடான இரும்பு வாசனையும். பால்போல வெள்ளையாக ஒரு தண்ணீர் டூல்மேல் விழுந்துகொண்டிருக்க, நீலம் பாய்ந்த இரும்புச் சுருள்கள் தரையில் குவிந்து கிடந்தன. அண்ணனின் மிஷினில் பக்கத்துக்காரர் வந்து இரும்பைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் கைப்பிடியை விரலால் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளித் தள்ளித் திருப்பிக்கொண்டிருந்தார்.

மூலையில் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், "தூசி விழுந்துருச்சு!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார். பழக்கத்தில் நேராக அண்ணனிடம்தான் வந்தார். பட்டறையில் அண்ணனுக்குக் 'கண்ணு டாக்டர்' என்று பட்டப்பெயர். இமையைத் தீக்குச்சியில் சுருட்டி மேலே தூக்கி, பேனா முனை அளவு காந்தத்தால் தொட்டு, கண் இமைக்கும் நேரத்தில் எடுத்துவிடுவாராம். அன்று அவர் தன் கைகளைப் பார்த்துவிட்டுப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவன்கிட்டப் போப்பா" என்று பக்கத்துக்காரரைக் காட்டினார்.

"நீங்கதானேண்ணே எப்பவும்?"

"போடாங்கிறேன்ல! எனக்கு வேலை கிடக்கு."

இதையெல்லாம் நான் சாப்பாட்டுப் பையோடு நின்று பார்த்தேன். கண், தூசி, காந்தம், எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. அவர் கையைப் பின்னால் கட்டியதைப் பார்த்து மனசு கனத்துப்போனதே தவிர, மண்டைக்குள் வேறொன்றும் ஏறவில்லை. பதினைந்து வருஷமாக அந்தத் தாளைப் படித்துக் கேள்வி கேட்கிறவள் நான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் அவர் காலை அகட்டி நடக்க ஆரம்பித்தார். தரை ஆடும் படகில் நடப்பதுபோல. ஒரு காலையில் குழாயடியில் விழுந்து முழங்காலில் தோல் பெயர்ந்தது. "பாசி வழுக்கிடுச்சு" என்றார். அண்ணி அன்று மத்தியானம் முழுக்கத் தேங்காய் நாரை வைத்துக் குழாயடியைத் தேய்த்தாள். அங்கே பாசியே இல்லை.

படம் எடுக்கும் நாள் வந்தது. அண்ணன் வெளுத்த சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை. அண்ணி எல்லாவற்றையும் கழற்றி மாற்றுடை போட்டுவிட்ட பிறகு, அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன்.

"இதயத்துல மிஷின் ஏதாவது வச்சிருக்கா?"

"இதயம் இருக்கான்னு உங்க அண்ணியைக் கேளு."

"ஒழுங்கா பதில் சொல்லுங்கண்ணா. குண்டு ஏதாவது பாய்ஞ்சிருக்கா?"

"அவ பார்வைதான் பாயும், தினம்."

அண்ணி வெளியிலிருந்து, "இந்தக் கிழவனுக்கு நக்கலைப் பாரு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அடுத்த கேள்வி தாளில் இப்படி இருந்தது: 'உலோகம் கடையும், அரைக்கும், பற்றவைக்கும் தொழில் செய்பவரெனில், கண்ணில் எப்போதேனும் உலோகத் துகள் புகுந்ததுண்டா?' இந்தப் பாஷையை யார் பேசுகிறார்கள்? நான் அவருக்குப் புரியும்படி கேட்டேன்.

"கண்ணுல இரும்பு கிரும்பு போயிருக்கா?"

"இரும்பா? இரும்பு போனா கண்ணு இருக்குமா மேல்வீடு? இல்லவே இல்லை."

இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஏற்கெனவே ஒரு ஸ்கேன் எடுத்தவர்தானே என்ற தைரியமும் இருந்தது.

படுக்கவைத்து, கழுத்தையும் தலையையும் சுற்றிக் கூடுபோன்ற சாதனத்தைப் பூட்டினோம். கஷ்டமாக இருந்தால் அமுக்கச் சொல்லி ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தேன். அது உருண்டு விழுந்தது. திரும்ப வைத்து விரல்களை நானே மடக்கிவிட்டேன். மேடை மெல்ல உள்ளே நகர்ந்தது. தலை காந்தத்தின் குழாய்க்குள் நுழையும் இடத்தில் அவர் கூப்பிட்டார்.

"மேல்வீடு."

"பேசாதீங்கண்ணா, கழுத்து ஆடும்."

"கண்ணு உறுத்துதும்மா. தூசி."

"இங்க ஏதுண்ணா தூசி? துடைச்சுப் போட்ட இடம்."

"இங்கத்தது இல்லை, பழசு. பட்டறைல விழுமே, அந்தத் தூசி. எவ்வளவு எடுத்தாலும் ஒண்ணு ரெண்டு உள்ளயே தங்கிடும். அது இப்ப எந்திரிச்சு நடக்கிற மாதிரி இருக்கு."

பட்டறைத் தூசி என்றால் இரும்புத் தூள். மேடையை நிறுத்தினேன். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் ஆபத்து. அங்குலம் அங்குலமாக வெளியே கொண்டுவந்தேன். "கண்ணை அசைக்காதீங்கண்ணா, அசைக்காதீங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம்; எனக்கு நினைவில்லை. இடது கண்ணின் வெள்ளையில் ஒரு மூலை சிவந்திருந்தது.

கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது மூன்று புள்ளிகள். சாதாரண ஸ்கேனில் ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம் என்றார் கண் மருத்துவர். ஒன்று லேசாக நகர்ந்திருக்கிறது, பார்வைக்குச் சேதமில்லை, ஆழத்தில் இருப்பதால் எடுக்கக்கூடாது என்றார்.

"அண்ணா, நான் இரும்பு போயிருக்கான்னு கேட்டேனே!" என்றேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"அது இரும்பா? அது வெறும் தூசிதானேம்மா. நாங்க தூசின்னுதானே சொல்லுவோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு இரும்பு என்றால் கையில் கனப்பது. டாக்டரம்மா அன்றைக்கே தாளில் 'தூசி' என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்து என்ன?

"உங்களை இனிமே இந்தக் காந்தத்துக்குள்ள விட முடியாதுங்க" என்று டாக்டரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"அப்ப அந்தப் படம்?"

"எடுக்க முடியாதுங்க. மன்னிச்சிருங்க."

"ஐயோ, நீங்க எதுக்கு? நான்தான் சொல்லியிருக்கணும். உங்க நேரத்தையும் கெடுத்துட்டேன்" என்றார் அண்ணன். மாற்றுடையைக் கழற்றும்போது அண்ணி உள்ளே போய் உதவினாள். வெகுநேரம் இருவரும் வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் கழுத்து டாக்டரிடம் போனோம். அவர் அண்ணனை நடக்கச் சொன்னார். குதிகாலும் பெருவிரலும் ஒட்டினாற்போல நேர்கோட்டில் நடக்கச் சொன்னபோது அண்ணன் இரண்டாம் அடியிலேயே சாய்ந்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

"மூணு மாசம் முன்னாடி கை மட்டும்தான். இப்ப காலும் போகுது" என்றார் டாக்டர். "எதுக்காகக் காத்திருந்தீங்க?"

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "வீட்டுல கொஞ்சம் தடங்கல்ங்க" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அவள் டீ போட்டாள். ரொட்டியைப் பிய்த்து டீயில் தோய்த்து அண்ணன் வாயில் கொடுத்தாள். நான் வாசற்படியில் நின்றேன்.

"உள்ள வந்து தொலை. எதுக்கு அங்க நிக்கிற?"

"அண்ணி, நான்தான் ஆசை காட்டிக் கெடுத்தேன்."

"ஆமா. நீதான்."

ரொட்டி தீர்ந்தது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "நாங்களும் ஆசைப்பட்டோம்ல. நீ ஒருத்தி சொன்னே, நாங்க ரெண்டு பேரு நம்பினோம்" என்றாள்.

அண்ணன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு" என்றார். "அந்தப் படம் இருந்திருந்தா வரும், வராதுன்னு ஒண்ணு தெரிஞ்சிருக்கும்."

"அண்ணா, அந்தப் படத்துலயும் அது தெரிஞ்சிருக்காது" என்றேன். அப்போதாவது சொன்னேன். "டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் தெரியும் தெரியும்னு சொல்லி உங்களை ஏத்திவிட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப தெரியவே தெரியாதா?" என்று கேட்டார். திட்டியிருக்கலாம்.

"இந்தாங்க, கேளுங்க" என்று அண்ணி அவர் எதிரில் உட்கார்ந்தாள். "கை வந்தா வருது, வராட்டிப் போகுது. ஊட்டிவிட, மாட்டிவிட நான் இருக்கேன். கால் போய் நீங்க படுத்துட்டா உங்களைத் தூக்க எனக்குத் தெம்பு கிடையாது. எனக்கு உங்க கை வேண்டாம். நீங்க எந்திரிச்சு நடந்து வாசல் வரைக்கும் வந்தாப் போதும்."

"எனக்கு என் கை வேணும்டி" என்றார் அவர்.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கை கன்னத்தில் இடித்து நின்றது. அண்ணி துடைத்துவிட்டாள். இடது கண்ணை மட்டும் அழுத்தாமல், ஒற்றி ஒற்றித் துடைத்தாள். நான் மாடிக்கு ஓடிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

மறுநாள் காலை கீழிருந்து அவர் சத்தம் கேட்டது. பழைய சத்தத்தில் பாதிதான். "மேல்வீடு, ஆஸ்பத்திரிக்குப் போகணும். கூட வர்றியா?"

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கழுத்து அசையக்கூடாதென்று தாடை வரை உயர்ந்த பட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். நர்ஸ் பெண் ஒருத்தி சம்மதத் தாளைக் கொண்டுவந்தாள். அதில் இருந்ததை நான் வரிவரியாக, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் படித்துக் காட்டினேன். நோய் முற்றுவதை நிறுத்துவதே நோக்கம். இழந்த செயல்பாடு திரும்புமென்று உறுதி கூற இயலாது. புரியாத இடத்தில் நிறுத்தி, என்ன அர்த்தம் என்று சொன்னேன். "புரியுது, மேல போ" என்றார்.

பேனாவைக் கொடுத்தோம். விழுந்தது. அண்ணி எடுத்து விரல்களுக்கிடையில் செருகினாள். தாளில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய் மறுபடி விழுந்தது.

"பரவாயில்லைங்க பெரியவரே, கைநாட்டு வச்சிரலாம்" என்று நர்ஸ் மைப்பெட்டியை எடுத்தாள்.

"நான் படிச்சவன்மா" என்றார் அண்ணன் அவசரமாக. "ட்ராயிங் பார்த்து வேலை செய்றவன்."

"தெரியுதுங்க. இதுவும் செல்லும்."

அவர் தலையாட்ட முடியாமல், "சரி, வைம்மா" என்றார். கழுத்துப் பட்டையால் அவருக்குக் குனிந்து பார்க்க வழியில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, தாளில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி எடுத்தாள். மை காய ஊதிவிட்டு, தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அண்ணி ஈரத்துணியால் அந்த விரலைத் துடைக்க ஆரம்பித்தாள். மை நகக்கண்ணில் ஏறியிருந்தது, அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்னம்மா, இன்னும் வைக்கலையா?"